குடவோலையும் ஸாட்டியின் அட்டவணையும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஆண்டு கி.பி. 919, 921. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதிகள் அவை. 1970களில் அமெரிக்கக் கணிதர் தாமஸ் ஸாட்டி வகுத்த படிநிலைப் பகுப்பாய்வை அவற்றின் அருகே வைக்கலாம். தராசில் ஏறாதவற்றை எண்ணாக்கிப் பங்கிட வந்தவை இரண்டும்.

921ஆம் ஆண்டு விதி தகுதியைத் துல்லியமாக அளக்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவருக்கு அரைக்கால் வேலியே போதும். கல்விக்கும் நிலத்துக்கும் அன்றே மாற்று விகிதம்! பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் தள்ளுபடி. இவ்வளவு அளந்த சபை, தேறியவர்களுள் யார் உயர்ந்தவர் என்று அளக்கப் போகவில்லை. 30 குடும்புகளின் (ஊர்ப் பகுதிகளின்) பெயரெழுதிய ஓலைகளையும் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் குடும்புக்கு ஒன்றாக எடுக்க வைத்தது. அப்படி வந்த 30 பேரில்தான் அனுபவமும் கல்வியும் பார்த்து 12 பேர் ஆண்டு வாரியத்துக்கு. மற்றவரில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

ஸாட்டி இரண்டிரண்டாக ஒப்பிட்டு அட்டவணையில் நிரப்பச் சொல்கிறார், 1 முதல் 9 வரையான அளவில். மாமல்லபுரத்துக்கு ஒரு நிதியைப் பங்கிடுவதாகக் கொள்வோம். 1984 முதல் உலக மரபுச் சின்னமான கடற்கரைக் கோயில், 2017இல் புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பத் தொழிலைவிட 3 மடங்கு முக்கியம்; சிற்பத் தொழில் மீனவரின் படகுத் துறையைவிட 2 மடங்கு. அப்படியானால் கோயில் படகுத் துறையைவிட 6 மடங்காக வேண்டும். நிதி 6, 2, 1 என 9 கூறாகும். கோயில் படகுத் துறையைவிட 2 மடங்குதான் என்று ஒப்பிடுபவரே சொன்னால், முரணை அளக்கும் இசைவு விகிதம் 0.1 என்ற வரம்பைத் தாண்டிவிடும். திரும்ப யோசிக்க வேண்டும்.

அருமையான சோதனைதான். ஆனால் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுபவரைத்தான் அது பிடிக்கும். மாறாமல் ஒரே பக்கம் சாய்பவர் தப்பிவிடுவார். அட்டவணை நிரப்பும் அறையில் படகுக்காரர் இல்லாவிட்டால், அவருக்குக் கிடைக்கும் ஒற்றைக் கூறு கணிதமே கொடுத்த தீர்ப்பாகத் தெரியும். குடம் அளப்பவரையே நம்பாதது. அதன் வாசலோ மிகக் குறுகல். அது பிராமண ஊரின் சபை. நிலமற்றவர், பெண்கள், பிற சாதியார் பெயர் ஓலையில் ஏற வழியே இல்லை. மக்களாட்சியின் தொட்டில் என்று மேடையில் முழங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை.

பங்கு பெறப்போகிறவர் கையிலேயே அளவுகோலும் இருக்கும் இடத்தில் குடம் மேல். ஆதாயமில்லாதவர் நிதியைக் கூறுபோடும் இடத்தில் ஸாட்டி மேல். மாமல்லபுரத்துக்கு ஸாட்டியின் முறையே பொருந்தும். அட்டவணை நிரப்புவோரைக் குடவோலையில் எடுக்கட்டும், அந்தக் குடத்தில் மீனவர் குப்பத்து ஓலையும் விழட்டும்.