கொள்ளைநோயும் 'இருந்த இடத்தில் இருங்கள்' என்னும் ஆணையும்

2020 ஏப்ரல் முதல் நாளிரவு, செகந்திராபாத்தில் ஒரு தற்காலிகத் தங்குமிடத்தில், நாமக்கல் மாவட்டத்து இளைஞர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். வயது இருபதைச் சற்றே கடந்தவர். நாக்பூர்ப் பகுதியிலிருந்து தோழர்களுடன் ஊர் நோக்கிப் புறப்பட்டு ஏறத்தாழ 500 கிலோமீட்டரைக் கடந்திருந்தார். ஊர் சேர அதைவிடக் கூடுதலான தொலைவு எஞ்சியிருந்தது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட நாடு தழுவிய ஊரடங்கு நான்கு மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது ஆணை. இருக்க இடமற்றவர் என்ன செய்வது என்பதற்கு அதில் விடையில்லை.

அந்நாட்களில் நம்மவர் பலரும் ஒரு நபிமொழியைத் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தனர். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழையலாகாது, இருக்கும் ஊரில் அது கண்டால் அதற்கஞ்சி வெளியேறலாகாது என்னும் கருத்துடையது அது. ஊரடங்குக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சான்று நம்மிடம் உண்டு என்று மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியில் பாதிதான் நியாயமானது என்பது என் கருத்து. அந்நபிமொழி நடைமுறைக்கு வந்த வரலாற்றை முழுமையாக வாசித்தால் காரணம் புலப்படும்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு (கி.பி. 639) பாலஸ்தீனத்து அம்வாஸில் கொள்ளைநோய் கண்டது. ஷாம் நோக்கிப் பயணப்பட்ட கலீஃபா உமர் (ரலி) ஸர்கு என்னுமிடத்தில் செய்தியறிந்து, முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் குறைஷி முதியோரையும் தனித்தனியே அழைத்து ஆலோசித்துத் திரும்ப முடிவு செய்தார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) கேட்டதும், ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) விடையளித்ததும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மேற்கண்ட நபிமொழியை அறிவித்ததும் அனைவரும் அறிந்தவை. சொற்பொழிவாளர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர்.

கதை அங்கே முடியவில்லை. மதீனா திரும்பிய உமர் (ரலி), ஓர் அவசரப் பணிக்குத் தேவை என்று காரணம் காட்டி அபூ உபைதாவை வரவழைக்கக் கடிதம் எழுதினார்கள். அந்த அரிய உயிரைக் காப்பதே நோக்கம். அபூ உபைதா அதனைப் புரிந்துகொண்டு, தாம் படைவீரர்களிடையே இருப்பதாகவும் அவர்களை விட்டுத் தம்மைக் காத்துக்கொள்ள விரும்பவில்லை என்றும் பதில் எழுதினார்கள். அதை வாசித்து உமர் (ரலி) அழுதார்கள். அபூ உபைதா இறந்துவிட்டாரா என்று அருகிலிருந்தோர் கேட்குமளவுக்கு அழுதார்கள். பின்னர், படையை நோயற்ற மேட்டு நிலத்துக்குக் கொண்டுசெல்லுமாறு மறுகடிதம் எழுதினார்கள். முதற்கடிதம் ஓர் உயிரைப் பற்றியது. இரண்டாவது எல்லா உயிர்களையும் பற்றியது. அபூ உபைதா அந்நோயிலேயே மரணமுற்றார்கள். அம்வாஸில் மாண்டோர் சுமார் 25,000 பேர் என்பர் வரலாற்றாசிரியர்.

வெளியேறாதே என்ற தடைக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், அதுவும் தவக்குல் பற்றிய பகுதியில், கூறும் காரணம் கவனத்துக்குரியது. நலமாயிருப்போர் அனைவரும் வெளியேறிவிட்டால் நோயாளிகள் மட்டுமே எஞ்சுவர். அவர்களுக்குத் தண்ணீரும் உணவும் தர ஆளிருக்காது என்கிறார். ஆக, ஊரில் தங்குவதன் நோக்கங்களுள் ஒன்று நோயாளியின் நலம். பள்ளிவாசல்களை மூடியது தவக்குலுக்கு முரண் என்று 2020இல் வாதிட்ட நண்பர்களிடம் இப்பகுதியைக் காட்டினேன். தடையை விதித்தவர்களும் இதைப் படித்திருக்கலாம்.

நம் நாட்டுச் சட்டம் வேறு வழியில் வந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவிய பின், 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. சில பிரிவுகளே கொண்ட சிறு சட்டம். ஆணையை மீறுவோர்க்குத் தண்டனையும், நல்லெண்ணத்துடன் செயற்படும் அதிகாரிக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பும் அதில் உண்டு. நோயாளிக்குத் தண்ணீர் தருவோர் யார் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவ்வாண்டு பம்பாயிலிருந்து ஹஜ் பயணம் நிறுத்தப்பட்டது. சரக்குக் கப்பல்கள் தொடர்ந்து சென்றன. 1898 மார்ச்சில் பிளேக் சோதனைக்காக வீடு புகுந்தோரை எதிர்த்து அந்நகரின் முஸ்லிம் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டிலேயே நோய் பெங்களூரை எட்டியது. நம் சேலம் மாவட்டத்தின் வட எல்லை அன்று ஒசூர் வரை நீண்டு மைசூர் நாட்டைத் தொட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' முறை வந்தது; நோய் கண்ட பகுதியிலிருந்து வருவோர் பத்து நாட்கள் நாள்தோறும் அதிகாரியின் முன் ஆஜராக வேண்டும். அன்றாடம் உழைத்து உண்பவருக்கு அது எத்தனை நாள் கூலி என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அச்சட்டமே 2020இலும் கையாளப்பட்டது. சரக்குக்கு வழியுண்டு, மனிதருக்கு இல்லை என்ற அந்தப் பழைய காட்சியை எம் சமவெளியில் மீண்டும் கண்டோம். நாமக்கல், சங்ககிரி லாரிகளுக்குச் செல்ல அனுமதி இருந்தது. ஓட்டுநருக்கோ சாலையோரத்தில் திறந்த உணவகம் ஒன்றும் இல்லை. பொருளை இறக்கி வாங்கியவர்களே அவரைத் திண்ணையில் அமரவிட அஞ்சினர். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள் நின்றன. தறிக்கூலியில் வாழ்பவரும் மாதச் சம்பளம் பெறும் என் போன்ற ஆசிரியரும் ஒரே ஆணைக்குத்தான் கீழ்ப்படிந்தோம். எனக்கு அது ஓய்வாயிற்று, சொல்ல வெட்கமாயிருக்கிறது.

சேலத்தில் மார்ச் 22 முதல் தனிமைப்படுத்தப்பட்டிருந்த இந்தோனேசியர் நால்வருக்கும் அவர்களின் சென்னை வழிகாட்டிக்கும் தொற்று உறுதியானதென மார்ச் 25 அன்று அறிவிக்கப்பட்டது. நிஜாமுத்தீன் செய்தி வெளியான பின் நிலைமை மாறிற்று. நோயாளி, நோயைக் கொண்டுவந்தவர் ஆனார். பின்னர் குற்றவாளி ஆனார். அரசின் அழைப்பை ஏற்றுத் தாமே பரிசோதனைக்கு முன்வந்தவர்களும் அப்பழிக்குத் தப்பவில்லை. ஜூன் 12 அன்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இவ்விவகாரத்தில் கைதான வெளிநாட்டவர் 31 பேர் மீதான வழக்குகளை முடித்துவைத்தது. அவர்கள் போதிய துன்பம் அனுபவித்துவிட்டனர் என்று நீதியரசர் கருதினார்.

ஊர் திரும்பும் வழியில் இறந்தோரின் கணக்கு மட்டும் எங்கும் முடிக்கப்படவில்லை. 2020 செப்டம்பரில் மக்களவையில் இது பற்றிக் கேட்கப்பட்டபோது, ஊரடங்கின்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர் குறித்த விவரம் தன்னிடம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்து வழியே விடையளித்தது.