காய்ச்சல் காவல் காத்த மலை



வீடோ மனையோ வாங்க அலையுற யாரிடம் பேசினாலும் முதலில் வருகிற வார்த்தை 'லொகேஷன்'. மெட்ரோ எத்தனை நிமிஷம், ஆபீஸ் எவ்வளவு தூரம், பக்கத்துல நல்ல ஸ்கூல் இருக்கா, போர் போட்டா தண்ணி வருமா. "அஞ்சு வருஷத்துல ரேட் டபுள் சார்" என்று புரோக்கர் சொல்வார். நானும் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் சில மனைகளைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். எல்லா இடத்திலும் இதே பட்டியல்தான். ஆனா ஒரு கேள்வி மட்டும் அந்தப் பட்டியலில் இருப்பதே இல்லை: இந்த இடம் இவ்வளவு நாள் ஏன் காலியா இருந்தது?

இன்னிக்கு அந்தக் கேள்வியோடு ஒரு மலைக்குப் போகலாம். கொல்லிமலை.

நாமக்கல் மாவட்டம். அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சோளக்காடு, அதைத் தாண்டி செம்மேடு. பைக்கில் போன நண்பர்களின் ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. வல்வில் ஓரி ஆண்ட மலை, கொல்லிப்பாவை காக்கிற மலை, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி. இது எல்லாருக்கும் தெரிந்த கொல்லிமலை. நான் பேசப்போவது இன்னொரு கொல்லிமலையைப் பற்றி: வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டாமல் விட்ட கொல்லிமலை.

இதில் என்ன ஆச்சரியம்னு கேட்கலாம். பக்கத்திலேயே சேர்வராயன் மலை இருக்கு, அதன்மேல் ஏற்காடு. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரைக்கும் இரண்டு மலையும் ஒரே சேலம் மாவட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார். அதற்குப் பின்னால் எஸ்டேட், பங்களா, சர்ச், கான்வென்ட் ஸ்கூல் என்று ஏற்காடு ஒரு ஊராகவே வளர்ந்தது. அதே மாவட்டத்தில், காபியும் மிளகும் நன்றாக வளரக்கூடிய கொல்லிமலையில் அப்படி ஒரு ஊர் எழவில்லை. ஏன்?

அதுக்கு, அந்தக் காலத்தில் மலையில் இடம் தேடினவங்க எதைத் தேடினாங்கனு முதலில் பார்க்கணும். அவங்க வியூ பாயின்ட் தேடல. உயிர் பிழைக்க இடம் தேடினாங்க. கோடையில் சமவெளியில் காலராவும் காய்ச்சலும் வந்து சிப்பாய்களும் அதிகாரிகளும் பாதிரிகளும் குடும்பத்தோடு செத்துக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறினார். சில வருஷங்களில், தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளியில் 'ஸ்டோன் ஹவுஸ்' எழுந்தது. ஊட்டியின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. 'சானடோரியம்' என்று அப்போது சொன்ன இடத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான், உடம்பைத் தேற்றுவது.

மலைன்னா எல்லா மலையும் உடம்பைத் தேற்றும்னு அவங்க முதலில் நம்பினாங்க. அந்த நம்பிக்கை உடைந்த இடம் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை. 1834-ல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள், நோயில் ஆட்களை இழந்த பிறகு ஓய்வுக்கு ஓர் இடம் தேடி முதலில் சிறுமலைக்குத்தான் போனார்கள். மதுரைக்குப் பக்கம், நல்ல குளிர்ச்சி. இன்னிக்கு நம்ம பட்டியலை வைத்துப் பார்த்தாலும் அதுக்குத்தான் முழு மார்க். ஆனா அங்கேயும் காய்ச்சல் அவர்களை விடவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு இன்னும் உயரமான பழனி மலைக்குப் போய் 1845-ல் இரண்டு பங்களா கட்டினார்கள். அதுதான் கொடைக்கானல். தூரம் அதிகம், பாதை மோசம், ஆனா காய்ச்சல் இல்லை.

இப்போ உயரத்தை வரிசையா வைத்துப் பாருங்க. ஊட்டி சுமார் 2,200 மீட்டர். கொடைக்கானல் 2,100. ஏற்காடு 1,500. கொல்லிமலையின் மேல்பரப்பு பெரும்பாலும் 1,000-லிருந்து 1,300. சிறுமலையும் ஏறக்குறைய கொல்லிமலை உயரம்தான். அன்றைய சேலம் மாவட்டத்தில் கொல்லிமலை காய்ச்சலுக்குப் பேர்போன மலை. ஏறிப் போய் இரண்டு நாள் தங்கினால் திரும்பும்போது காய்ச்சலோடு திரும்பணும் என்கிற பயம். 'கொல்லும் மலை' என்று பெயருக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள் இல்லையா, கீழே இருந்தவர்களுக்கு அது வெறும் கதையாக இருந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அவர்கள் முடிவு சரி, காரணம் தப்பு. மலேரியா என்ற சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம். இலை தழை அழுகிய பள்ளத்திலிருந்து விஷக்காற்று எழும்பும், உயரம் போனால் அது எட்டாது என்று நம்பினார்கள். 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. தென்னிந்திய மலைகளில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசு அனாபிலஸ் ஃப்ளூவியாட்டிலிஸ். அது சாக்கடையில் வளர்வதில்லை. ஓரத்தில் புல் முளைத்த, மெதுவாக ஓடுகிற தெளிந்த ஓடையில், ஊற்றுக் கசிவில், படிக்கட்டு வயலில் வளர்வது. கொசுவின் உடம்புக்குள் கிருமி முதிர்வதற்கு வெப்பம் வேணும். மிக ஆபத்தான பால்சிபாரம் வகை 18 டிகிரிக்குக் கீழே வளர்வதே கஷ்டம். அதனால்தான் ஊட்டிக் குளிர் காப்பாற்றியது, கொல்லிமலைக் குளிர் காப்பாற்றவில்லை.

யோசிச்சுப் பாருங்க. ஓடை, தெளிந்த தண்ணி, பச்சை வயல், இதமான குளிர். இன்னிக்கு மனை விளம்பரத்தில் படம் போடுற ஒவ்வொரு அம்சமும் அன்னிக்கு ஆபத்தின் அடையாளம்.

சரி, இடம் 'காலியா' இருந்ததுனு நான் சொல்லிக்கிட்டே வர்றேன். யாருக்குக் காலி? கொல்லிமலையில் அப்போதும் மக்கள் வாழ்ந்தார்கள். மலையாளிகள். கேரளத்தவர் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் அழைக்கப்படும் தமிழ் பேசும் பழங்குடியினர். இன்றைக்கும் கொல்லிமலையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அவர்கள்தான்.

அவர்கள் சொல்லும் தங்கள் பூர்வ கதையே இடம் தேடிய கதைதான். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்தார்கள்: பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை மூன்றிலும் குடியேறினார்கள். கதை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், ஆனா சமவெளியை விட்டு மலைக்கு வந்தோம் என்கிற நினைவு மாறாது. கொல்லிமலையின் ஊர்ப் பிரிவுகளுக்கு 'நாடு' என்று பெயர்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு. கடைசிப் பெயரைக் கேட்டாலே காதில் 'வாழ வந்த' என்று விழும்.

அவர்கள் நிலத்தை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிங்க. தண்ணி நிற்கும் பள்ளத்தில் நெல் வயல். சரிவிலும் மேட்டிலும் சாமை, திணை, கேழ்வரகு. பள்ளம் பயிருக்கு, மேடு வீட்டுக்கு. மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், புல் கூரை, உள்ளே தானியம் வைக்க ஒரு பரண். நல்ல வண்டல் மண்ணை வீட்டுக்காக வீணாக்குவது கிடையாது. வெள்ளம் வந்தால் வயலோடு போகும், வாசலுக்கு வராது.

இதனால் காய்ச்சல் அவர்களை விட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மலேரியா நிலைத்திருக்கும் இடத்தில் அது முதலில் எடுப்பது சின்னக் குழந்தைகளை. திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்து பிழைத்து வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். கீழிருந்து புதுசா வருபவருக்கு அது கிடையாது. அந்த வித்தியாசம்தான் இந்தக் கதையின் மையம்.

ஏன்னா பக்கத்து மலையில் என்ன நடந்தது? சேர்வராயன் மலையில் இருந்ததும் இதே மலையாளிகள்தான். அங்கே வெள்ளைக்காரர்களால் வாழ முடிந்தது. காபி எஸ்டேட்டுகள் விரிய விரிய, மலையாளிகளின் காடும் மேய்ச்சல் நிலமும் சுருங்கின. பலர் தங்கள் சொந்த மலையிலேயே அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள். கொல்லிமலையில் அந்த அளவுக்கு நடக்கவில்லை. செங்குத்தான சரிவும் ஒற்றையடிப் பாதையும்கூடக் காரணம்தான். ஆனா காய்ச்சல் ஒரு வேலி மாதிரி நின்றது. அந்த வேலிக்கான விலையைக் கொல்லிமலைக் குழந்தைகள் கொடுத்தார்கள்.

அப்புறம் அந்த வேலி விழுந்தது. சுதந்திரம் வாங்கிய காலத்தில் இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 7.5 கோடி பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. அடித்தார்கள். 1960-களின் நடுவில் நாடு முழுக்க நோயாளிகள் எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. பின்னால் மறுபடி ஏறினாலும், மலைக்குப் போனாலே காய்ச்சல் என்ற பயம் தளர்ந்துபோனது. அதோடு ரோடும் வந்தது. பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கின காலம் மாறியது. இது சின்ன விஷயமே இல்லை. கொல்லிமலைக்காரர் யாரும் பழைய காய்ச்சல் திரும்ப வரணும்னு கேட்க மாட்டாங்க.

ஆனா ரோடு இரண்டு பக்கமும் போகும். கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேணும். லாரி மேலே வர முடிந்ததும் சாமையும் திணையும் விளைந்த மேட்டு நிலத்தில் மரவள்ளி ஏறியது. அடுத்து ரிசார்ட் வந்தது. இப்போ 'வீக்எண்ட் ஹவுஸ்' மனைகள். இருநூறு வருஷம் முன்னாடி யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்காத இடம் இன்னிக்கு 'ப்ரைம் லொகேஷன்'. மலை அப்படியேதான் இருக்கு. மாறினது கொசு, ரோடு, நம்ம ஆசை.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். லொகேஷன் என்பது அந்த மனையின் நாலு எல்லைக்குள் இருக்கிற குணம் இல்லை. அதைச் சுற்றி ஓடுகிற தண்ணி, நோய், பாதை, மனுஷங்க எல்லாம் சேர்ந்துதான் லொகேஷன். ஓர் இடம் காலியா இருந்தா அதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணம் உண்மையிலேயே போயிடுச்சா, இல்ல நம்ம கண்ணுக்கு மட்டும் மறைஞ்சிருக்கா?

சென்னைப் புறநகருக்கு வாங்க. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் முதல் மாடி வரைக்கும் தண்ணி ஏறியதை டிவியில் பார்த்தோம். அடையாற்றுக்கு அது புது இடம் இல்லை, பழைய இடம். கொல்லிமலையில் பள்ளத்தை வயலுக்கு விட்டுட்டு மேட்டில் குடிசை போட்டவங்களுக்குத் தெரிந்த கணக்கு, லே-அவுட் போட்டவங்களுக்குத் தெரியல. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியை அப்படித்தான் இழந்தோம். அங்கே 'காலி' என்று நாம் சொன்னது தண்ணி நிற்கிற இடத்தை.

அதனால மனை பார்க்கப் போகும்போது நான் இப்போ மூணு விஷயம் பார்க்கிறேன். ஒண்ணு, வில்லங்கச் சான்றோடு நிறுத்தாம 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்ப்பது. நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனதுனு வில்லங்கச் சான்று சொல்லும். அது நஞ்சையா, புஞ்சையா, பக்கத்தில் ஓடையா, ஏரியானு மற்ற இரண்டும் சொல்லும். இரண்டு, அந்த ஊர்ல அறுபது வயசு தாண்டின ஒருத்தர்கிட்ட, மழை பெய்தா தண்ணி எந்தப் பக்கம் போகும்னு கேட்பது. மூணாவது, நான் அங்கே போனா யார் அங்கிருந்து நகரணும்னு யோசிப்பது. மூணாவதுக்கு எந்த ஆபீஸிலும் சான்று கிடைக்காது. விற்கிறவர் அதைச் சொல்லவும் மாட்டார். நாமதான் கேட்கணும்.

நீங்க இப்போ வாடகைக்கோ சொந்தமாகவோ இருக்கிற இடம் முப்பது வருஷம் முன்னாடி என்னவா இருந்ததுனு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ஏரியா, வயலா, யாருடைய மேய்ச்சல் நிலமா? பதிலை எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.