கட்டளைவரி ஆப்ஷன்கள்: பழைய வழக்கைக் காத்தல்

கணினிக் கட்டளையோடு சேர்த்து எழுதப்படும் ஆப்ஷன்களை மாற்றும்போது, ஏற்கெனவே எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளும் முறை. திரையில் ஒரு பட்டன் இடம் மாறினால் மனிதர் தேடிப் பிடித்துவிடுவார். நள்ளிரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

தொடக்க வரலாறு

இச்சிக்கலின் வேர் பெல் ஆய்வகத்தில் 1969இல் தொடங்கிய யூனிக்ஸில் இருக்கிறது. அன்றைய முனையம் வினாடிக்கு 10 எழுத்துகளைக் காகிதத்தில் அடித்த டெலிடைப் இயந்திரம். அதனால் கட்டளைகள் சுருங்கின. ஆப்ஷன்கள் ஒற்றை எழுத்தாயின. பொது விதி இல்லாததால் நிரலாளர் ஒவ்வொருவரும் தம் போக்கில் எழுதினர். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், கோப்புகளைத் தொகுக்கும் டார் கட்டளை சிறுகோடு இல்லாமலேயே எழுத்துகளை ஏற்றது. தரவை நகலெடுக்கும் டிடி கட்டளை ஐ.பி.எம். பெருங்கணினிகளின் நடையில் சமக்குறி கேட்டது. சார்ட் கட்டளையில் எந்தப் புலத்தை வரிசைப்படுத்துவது என்பதைக் கூட்டல் குறி சொன்னது. ஓடும் செயல்களைக் காட்டும் பி.எஸ். கட்டளையோ யூனிக்ஸின் பெர்க்லி கிளையில் கோடில்லாமலும், ஏ.டி. அண்டு டி.யின் சிஸ்டம் ஃபைவ் கிளையில் கோட்டுடனும் வளர்ந்தது. லினக்ஸின் பி.எஸ். இன்றும் இரண்டையும் ஏற்கிறது. கோடு போட்ட ‘இ’ எல்லாச் செயல்களையும் பட்டியலிடும். கோடு போடாத ‘இ’ சூழல் மாறிகளைக் காட்டும்.

1985இல் ஏ.டி. அண்டு டி. நிறுவனம், ஆப்ஷன்களைப் பிரித்தறியும் கெட்ஆப்ட் நிரலைப் பொதுவில் வழங்கிய பிறகே ஒழுங்கு பிறந்தது. கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டம் இரட்டைக் கோட்டுடன் முழுச்சொல் ஆப்ஷன்களைப் பரப்பியது. குழப்பம் வராதவரை அச்சொல்லின் முன்பகுதியை மட்டும் எழுதினாலும் போதும் என்ற சலுகையையும் கொடுத்தது. தாராளம்தான், ஆனால் அதே முன்பகுதியில் தொடங்கும் புதிய ஆப்ஷன் ஒன்று பின்னாளில் சேர்ந்தால், நேற்றுவரை ஓடிய சுருக்கம் இன்று பிழையாகிவிடும்.

2001 தரநிலை

யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரநிலையின் 1992 பதிப்பு பொறுத்துக்கொண்டிருந்த பழைய வடிவங்களை 2001 பதிப்பு நீக்கியது. கூட்டல் குறி வடிவம், அதே குறியில் தொடங்கும் கோப்புப் பெயரோடு மோதுகிறது என்பது ஒரு காரணம். அப்படிப் பெயர் வைப்பவர் குறைவு. சார்ட், டெயில் கட்டளைகளில் அக்குறியை எழுதிப் பழகியவர்களோ ஏராளம். அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான குனு கோர்யூட்டில்ஸ் இத்தரநிலையைப் பின்பற்றியபோது பல ஸ்கிரிப்டுகள் முறிந்தன. பழைய நடத்தை வேண்டுவோர் ஒரு சூழல் மாறியில் 199209 என எழுதிவைக்கலாம் என்ற பின்வாசல் திறந்துவிடப்பட்டது.

வழிமுறைகள்

பழைய பெயரை மாற்றுப்பெயராக வைத்துக்கொள்வதே சிறந்த வழி. பாண்டிச்சேரி 2006இல் அரசுமுறையில் புதுச்சேரி ஆன பின்னும், பழைய பெயரிட்ட கடிதம் அந்நகரின் நெல்லித்தோப்புக்கு வந்து சேர்வது போன்ற ஏற்பாடு இது. ஒரே ஆப்ஷனுக்குப் புதுப்பொருள் தருவது எல்லாவற்றிலும் மோசமானது; கட்டளை பிழை சொல்லாமல் ஓடித் தவறான விடையைத் தரும். எச்சரிக்கை அச்சிடும் வழக்கமும் உண்டு. ஆனால் தானாக ஓடும் ஸ்கிரிப்டின் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. அந்த வரியே வெளியீட்டில் கலந்து அடுத்த நிரலைக் குழப்புவதுண்டு.

தமிழ்ப் பயனர் அறிந்த எடுத்துக்காட்டு டெசராக்ட். ஹியூலெட் பேக்கர்டில் உருவாகி 2005இல் திறந்த மூலமான இந்த எழுத்துணரி, ‘டேம்’ என்ற மொழிக்குறியீட்டால் தமிழ்ப் பக்கங்களைப் படிக்கும். பக்க அமைப்பைக் குறிக்கும் அதன் பி.எஸ்.எம். ஆப்ஷன் முதலில் ஒற்றைக் கோட்டுடன் இருந்தது. பின்னர் இரட்டைக் கோட்டுக்கு மாறியது. இடைக்காலத்தில் பழையதும் ஏற்கப்பட்டது.

இன்றைய நிலை

2022இல் ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0, கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையின் உள்நெறிமுறையை மாற்றி, பழையதற்குப் பெரிய ‘ஓ’ ஆப்ஷனைத் தந்தது. அதே ஆண்டு உரை தேடும் கிரெப் கட்டளையின் 3.8 பதிப்பு ஈகிரெப், எஃப்கிரெப் என்னும் பழைய பெயர்களுக்கு எச்சரிக்கை அச்சிடத் தொடங்கியது.