மருத்துவமும் மனச்சான்றும்

மனைவி மரணப் படுக்கையில் கிடக்கிறாள். அவளைப் பிழைப்பிக்கக்கூடிய மருந்து ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைக் கண்டுபிடித்தவனோ அடக்க விலையைப்போல் பத்து மடங்கு கேட்கிறான். கணவனால் பாதிப் பணமே திரட்ட முடிந்தது. அவன் அம்மருந்தைத் திருடலாமா?

லாரன்ஸ் கோல்பர்க் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் சிறுவர்களிடம் கேட்ட கேள்வி இது. 1958-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வுரை இத்தகைய வினாக்களை அடிப்படையாகக் கொண்டது. திருடலாம், கூடாது என்னும் விடைகளை அவர் பெரிதாகக் கொள்ளவில்லை. விடைக்குக் கூறப்பட்ட காரணத்தையே எடைபோட்டார். தண்டனைக்கு அஞ்சுவதும் ஆதாயம் நாடுவதும் கீழ்ப்படி. பிறர் மெச்ச நடப்பதும் ஆணைக்கும் சட்டத்துக்கும் அடங்குவதும் நடுப்படி. சட்டத்தையும் நீதியின் துலாக்கோலில் நிறுத்துப் பார்ப்பது மேற்படி. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பகுத்து ஆறு நிலைகள் என்றார் அவர்.

இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டியவர் சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே. குழந்தைகளின் ஒழுக்கத் தீர்ப்பைப் பற்றிய அவரது நூல் 1932-இல் வெளிவந்தது. அதே 1932-இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கீகீயில், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. ஏழைக் கறுப்பினத்தவர் 600 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. 'கெட்ட இரத்தம்' என்று மட்டுமே அவர்களிடம் சொன்னார்கள். இலவச உணவும் அடக்கச் செலவும் தருவதாகக் கூறினார்கள். நோயைத் தீர்க்க முற்படவில்லை. தீராத நோய் உடலை எவ்வாறு அரிக்கிறது என்று காண்பதே நோக்கம். 1940-களின் பிற்பகுதியில் பெனிசிலின் எங்கும் கிடைத்தபோதும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

இடையில் 1947-இல் நியூரம்பர்க் நகரில் ஜெர்மன் மருத்துவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். மேலிடத்து ஆணைப்படி நடந்தோம் என்ற வாதம் அவர்களைக் காக்கவில்லை. மனிதன்மீது சோதனை செய்ய அவனது மனமார்ந்த இசைவு இன்றியமையாதது என்று தீர்ப்பில் விதித்தவர்கள் அமெரிக்க நீதிபதிகளே. அதன் பின்னும் டஸ்கீகீ ஆராய்ச்சி இருபத்தைந்து ஆண்டுகள் நடந்தது. அங்கிருந்தோர் அனைவரும் கொடியவர்கள் என்று எண்ணுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. பலர் மேலதிகாரி சொன்னதைச் செய்தார்கள். துறையின் வழக்கத்தைக் காத்தார்கள். நடுப்படியில் நின்ற நல்லவர்கள் அவர்கள்.

அப்படியைத் தாண்டியவர், அத்துறையிலேயே நோயாளிகளைக் கண்டு விவரம் கேட்கும் பணியிலிருந்த பீட்டர் பக்ஸ்டன் என்னும் இளைஞர். 1966-இல் அவர் மேலிடத்துக்கு எழுதினார். 1969-இல் ஒரு குழு கூடி, ஆராய்ச்சி தொடரலாம் என்றது. அவர் ஓயவில்லை, 1972-இல் செய்தி பத்திரிகைகளுக்கு எட்டியது, ஆராய்ச்சியும் அவ்வாண்டே நின்றது. 1997-இல் குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டபோது அம்மனிதர்களுள் உயிரோடிருந்தவர் எண்மரே.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் இருந்துவிடலாகாது. ஒரு சோதனைக்குத் தந்த இசைவு அறுவைச் சிகிச்சைக்குத் தந்த இசைவாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஆராய்ச்சிக்கு உட்படுவோருக்குப் புரியும் மொழியிலேயே விவரங்கள் தரப்படவேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. பிற மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு இதன் அருமை நன்கு தெரியும். வாசிக்க முடியாத தாளில் இட்ட கையொப்பம் இசைவு ஆகுமா? மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்ட நாம் இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தாளை நீட்டுபவர் எவ்வளவு நல்லவராயினும், 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று. அவர் மேற்படிக்கு ஏற நாம் செய்யும் உதவியே ஆகும்.