நிறம் எதன் சாட்சி?

இங்கிலாந்தில் பறவை வேட்டைக்குப் பழக்கப்பட்ட காக்கர் ஸ்பானியல், 1890களில் கென்னல் கிளப்பால் தனி இனமாக ஏற்கப்பட்டது. கண்காட்சிக்கு நிறம் முதன்மையானபோது, வளர்ப்போர் ஒற்றை நிற நாய்களையும் பல நிற நாய்களையும் பெரும்பாலும் தனித்தனியே இணைசேர்த்தனர். ஓரினத்துக்குள் இரு குடிவழிகள் பிரிந்தன.

1996இல் போட்பர்செக்கும் செர்பெல்லும் உரிமையாளர்களின் விடைகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு, ஒற்றை நிற நாய்களிடமே, அவற்றுள்ளும் கருநிறத்தைவிடச் செந்நிற, பொன்னிற நாய்களிடமே சீற்றம் மிகுதி எனக் கண்டது. ஆயினும், நிறமே சீற்றத்தை விளைவித்தது என்பதற்கு இது சான்றாகாது. புகழ்பெற்ற ஓர் ஆண்நாயின் இயல்பு, அதன் நிறத்தோடு சேர்ந்து குடிவழி முழுதும் பரவியிருக்கலாம். அவ்வாறாயின், நிறம் குணத்தின் காரணமன்று. மனிதத் தேர்வின் தடயம். பொன்னிறக் குட்டியை முரடென ஒதுக்குவோர், அதன் பெற்றோரின் இயல்பை முதலில் வினவுதல் தகும்.