நரம்பு: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

உளவியல் பயிலும் தமிழ் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் மூளை, நரம்பு என்னும் சொற்கள் புதிதாக ஆக்கப்பட்டவை அல்ல, தொன்றுதொட்டு வழங்குபவை. எனினும், நரம்பு என்பதற்கு இன்றைய அறிவியல் தரும் பொருளே பண்டும் இருந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. அச்சொல்லின் பொருள் மாறிய வரலாற்றையும், அம்மாற்றம் இன்னும் முற்றுப்பெறாமையால் நேரும் இடரையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சங்க நூல்களில் நரம்பு என்பது யாழின் தந்தியைக் குறிக்கும். உடலுறுப்பாகவும் அது வரும். புறநானூற்றின் 278ஆம் பாடலில் முதிய தாயின் தோளில் எழுந்து தோன்றுவது நரம்பே. மலையாளத்தின் ஞரம்பு, தெலுங்கின் நரமு, கன்னடத்தின் நர ஆகியவை இதன் இனச்சொற்கள். இவ்வழக்குகளில் பொதுவாய் நிற்பது நீண்ட இழை போன்ற வடிவமே.

கிரேக்கத்திலும் இத்தகைய வரலாறு உண்டு. 'நியூரான்' என்னும் சொல் அங்கு முதலில் தசைநாணைக் குறித்தது. அதன் இனமான சொல்லொன்று வில்லின் நாணையும் குறித்தது. இதயமே அறிவின் இருப்பிடம், மூளை குளிர்விக்கும் உறுப்பு என்றார் அரிஸ்டாட்டில். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்து ஆராய்ந்த ஹெரோபிலஸ், நரம்புகளைத் தசைநாண்களினின்று பிரித்தறிந்து, மூளையோடு அவற்றிற்குள்ள தொடர்பைக் கண்டார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலென், கதறும் பன்றியின் குரல்வளை நரம்பை அறுத்து அதன் ஓசை அடங்குவதைக் காட்டினார். 1888 முதல் ரமோன் இ காஹால் வெளியிட்ட ஆய்வுகள், நரம்பு மண்டலம் தனித்தனி உயிரணுக்களால் ஆனதென நிறுவின. 1891இல் வால்டையர் அவ்வணுவுக்கு நியூரான் எனப் பெயரிட்டார். தமிழ்ச்சொல்லும் கிரேக்கச் சொல்லும் ஒரே வேரின என்பது இதன் கருத்தன்று. நாணிலிருந்து நரம்புக்குச் செல்லும் பொருள்வழியே ஒத்துள்ளது.

தமிழில் நவீன உடற்கூற்றியலை நூல்வடிவில் நிலைநிறுத்தியோருள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் முதன்மையானவர். அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலையும் வெளியிட்டார். பின்வந்த கலைச்சொல்லாக்கத்தில் இரத்தக்குழாய்களுக்குத் தமிழகம் தமனி, சிரை எனவும், இலங்கை நாடி, நாளம் எனவும் பெயர் கொண்டன. நரம்பு என்பதை மூளை, முண்ணாண் சார்ந்த உறுப்புக்கே உரியதாக்குவதில் இரண்டும் ஒன்றுபட்டன.

பேச்சுவழக்கோ பழம்பொருளை விடவில்லை. 'நரம்பில் ஊசி போடுதல்' என்று மக்கள் கூறுவது சிரையில் மருந்து செலுத்துவதையே. இலையில் ஓடுவதும் நரம்பே. மனச்சோர்வையும் பதற்றத்தையும் 'நரம்புத் தளர்ச்சி' என்று கூறுவாரும் உளர். புலம்பெயர் நாட்டு மருத்துவமனையில் முதியவர் ஒருவர் 'நரம்பு இழுக்கிறது' என்றால், அவர் சுட்டுவது தசையா, குழாயா, நரம்பா என வினவாமல் மொழிபெயர்ப்பவர் மருத்துவரைத் தவறான வழியில் செலுத்தக்கூடும். 'நரம்புத் தளர்ச்சி' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உள்ளத்தின் துயர் உடல்நோயாகவே பதிவாகும்.

ஆதலின் மருத்துவ, உளவியல் கலைச்சொல் அகராதிகள், வரையறுத்த பொருளோடு மக்கள் வழங்கும் பொருளையும் அருகருகே தருதல் வேண்டும். மக்கள் வழக்கைப் பிழையென ஒதுக்குதல் முறையன்று. இரண்டாயிரம் ஆண்டு வழக்கு அதன் பின்னே நிற்கிறது.