விமானக் கட்டண வழக்கும் தள்ளுபடிச் சீட்டுகளும்

1990களின் நடுவில் அமெரிக்க உள்நாட்டு விமானப் பயணிகள் பலரின் வீட்டுக்கு அஞ்சலில் தள்ளுபடிச் சீட்டுகள் வந்தன. அவை விற்பனையைப் பெருக்க விமான நிறுவனங்கள் தாமாக அனுப்பிய கூப்பன்கள் அல்ல. கட்டணங்களைக் கூடிப்பேசி உயர்த்தியதாகத் தொடரப்பட்ட வழக்கில், பணத்துக்குப் பதிலாகக் கிடைத்த இழப்பீடு அது.

இதன் பின்னணி 1978இல் தொடங்குகிறது. அதுவரை அமெரிக்காவில் விமானக் கட்டணத்தை அரசின் குடிமை வானூர்தி வாரியமே முறைப்படுத்தி வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. வாரியமும் 1984 இறுதியோடு கலைக்கப்பட்டது. போட்டி வந்ததும் சுற்றுலாப் பயணிகளின் கட்டணம் குறைந்தது. அலுவல் பயணிகளின் நிலை வேறு. மலிவான சீட்டு வேண்டுமானால் பல நாள் முன்பே வாங்க வேண்டும், சனிக்கிழமை இரவு வெளியூரில் தங்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. திங்கள் புறப்பட்டுப் புதன் திரும்ப வேண்டிய விற்பனை அலுவலரால் இவற்றுக்கு உட்பட முடியாது. அவருடைய நிறுவனம் முழுக் கட்டணத்தைச் செலுத்தியது. அலுவல் பயணியே விமான நிறுவனங்களின் பெரிய வருவாய்.

போட்டி எல்லாருக்கும் பிடித்திருக்கவில்லை. 1982இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டால், பிரானிஃப் நிறுவனத் தலைவர் ஹோவர்ட் பட்னமிடம் தொலைபேசியில் கட்டணத்தை 20 விழுக்காடு உயர்த்தச் சொன்னார். தாமும் மறுநாளே உயர்த்துவதாகக் கூறினார். பட்னம் அதைப் பதிவு செய்து வைத்திருந்ததால் நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. அதன் பிறகு இப்படி வெளிப்படையாகப் பேசும் துணிச்சல் யாருக்கும் வர வாய்ப்பில்லை. ஆனால் பேசாமலே பேச ஒரு வழி இருந்தது என்பதுதான் அடுத்த வழக்கின் சாரம்.

அந்த வழி, விமான நிறுவனங்கள் கூட்டாக நடத்திய கட்டண வெளியீட்டு நிறுவனத்தின் கணினி. ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டணங்களை அங்கே அனுப்பும். அவை முன்பதிவு அமைப்புகளுக்கும் போட்டியாளர்களுக்கும் போய்ச் சேரும். ஒரு கட்டணத்தோடு அது எந்த நாளிலிருந்து விற்கப்படும், எந்த நாளில் முடியும் என்பதையும் குறிக்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனம் இரண்டு வாரம் கழித்து 50 டாலர் உயர்வு என்று பதிவிடும். மற்றவையும் அப்படியே பதிவிட்டால் உயர்வு நடைமுறைக்கு வரும்; இல்லையென்றால் தேதியைத் தள்ளிப்போடலாம், அல்லது ஓசையின்றி விலக்கிக்கொள்ளலாம். அந்த விலையில் ஒரு சீட்டும் விற்றிருக்காது. வாங்க முடியாத விலையை அறிவிப்பதால் பயணிக்கு என்ன பயன்? நீதித்துறை எழுப்பிய கேள்வியின் உட்பொருள் இதுவே. 1992 டிசம்பரில் எட்டு விமான நிறுவனங்கள் மீதும் அந்த வெளியீட்டு நிறுவனத்தின் மீதும் அது வழக்குத் தொடர்ந்தது. 1994இல் முடிவான உடன்பாட்டின்படி இத்தகைய முன்னறிவிப்புகள் கட்டுப்படுத்தப்பட்டன.

நீதித்துறை கேட்டது எதிர்காலத்துக்கான தடை. பயணிகள் கேட்டதோ, கொடுத்த பணத்துக்கு ஈடு. அவர்கள் சார்பிலான கூட்டு வழக்கு அட்லாண்டாவில் நீதிபதி மார்வின் ஷூப் முன் நடந்தது. 1988 ஜனவரி முதல் 1992 ஜூன் வரை மைய விமானநிலையங்கள் வழியான பயணங்களுக்குச் சீட்டு வாங்கியவர்கள் அதில் அடங்கினர். நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்துக்கு வந்தன. 1993இல் நீதிமன்றம் ஏற்ற தொகை 45.8 கோடி டாலர். அதில் ரொக்கம் ஏறத்தாழ 5 கோடிதான். நிர்வாகச் செலவும் வழக்கறிஞர் கட்டணமும் அதற்குள் அடக்கம். மீதி 40.8 கோடியும் தள்ளுபடிச் சீட்டுகள்.

சீட்டைக் கொண்டு இலவசமாகப் பறக்க முடியாது. பயணக் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அதனால் குறையும். மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். பண்டிகைக் காலம் போன்ற நெரிசல் நாட்களில் அது செல்லாது. 1979இல் யுனைடெட் நிறுவனம் வேலைநிறுத்தம் முடிந்து, பயணிகளை மீண்டும் இழுக்க வழங்கிய பாதிக் கட்டணக் கூப்பன்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அவற்றைத் தரகர்கள் விமானநிலைய வாசலிலேயே விலைக்கு வாங்கி, அடிக்கடி பறக்கும் அலுவல் பயணிகளுக்கு விற்றார்கள். சந்தை தானே அவற்றுக்கு விலை வைத்தது. பத்து விழுக்காட்டுச் சீட்டுக்கு அந்த மவுசு ஏது?

அலுவல் பயணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கின்படி இழப்பு சீட்டை வாங்கியவருக்கே. அதாவது, பெரும்பாலும் நிறுவனத்துக்கு. பறந்தவரோ ஊழியர். பல கிளைகள், பல பயண முகவர்கள் என்றிருந்த நிறுவனங்கள் நான்கரை ஆண்டுப் பயணக் கணக்கைத் தேடி எடுத்தால்தான் முழு உரிமையும் கோர முடியும். சீட்டு வந்த பிறகும் தொல்லை தீராது. நாளைக் காலைக் கூட்டத்துக்கு இன்று மாலை முன்பதிவு செய்பவர், காகிதச் சீட்டை நினைவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனாலும் தொடர்ந்து பறக்கும் நிறுவனங்களுக்கு அது ஓரளவாவது சேமிப்புதான். ஆண்டுக்கு ஒருமுறை உறவினரைப் பார்க்கப் போகும் குடும்பத்தைவிட அவர்களுக்கே அதைச் செலவழிக்க வாய்ப்பு அதிகம்.

கூர்மையான விமர்சனம் பொருளியலாளர் செவரின் போரன்ஸ்டைனிடமிருந்து 1996இல் வந்தது. வாங்குபவர்களில் பலரிடம் கூப்பன் இருப்பது விற்பவருக்குத் தெரிந்தால், அடிப்படை விலையையே சற்று உயர்த்தி அந்தத் தள்ளுபடியை ஈடுகட்டலாம் என்று அவர் வாதிட்டார். அப்போது கூப்பன் இல்லாத பயணி கூடுதலாகக் கொடுப்பார். தவறு செய்ததாகக் கூறப்பட்ட நிறுவனத்துக்கோ தண்டனையின் சுமை குறையும். மேலும், இழப்பீட்டைப் பெற வேண்டுமென்றால் அதே நிறுவனங்களிடம்தான் மீண்டும் சீட்டு வாங்க வேண்டும்.

இத்தகைய கூப்பன் சமரசங்கள் வேறு துறைகளிலும் பெருகின. 2005 பிப்ரவரியில் நிறைவேறிய கூட்டு வழக்கு நேர்மைச் சட்டம், கூப்பன் மதிப்பை வைத்து வழக்கறிஞர் கட்டணம் கணக்கிடப்படுமானால், அச்சிட்ட கூப்பன்களை அல்ல, உண்மையில் பயன்படுத்தப்பட்டவற்றையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதித்தது.